தலைவர் பேசக் கூடாது

ஓரின் பாட்செல்டர் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார் என்பது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் கோர்லி ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி மேவிஸுக்காவது தெரிந்திருக்கும் என்று சிலர் நூல் விட்டுப் பார்ப்பதுண்டு. "எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்களுக்கு நல்ல விலைக்கு வித்திருக்க மாட்டேனா?" என்பார் மேவிஸ்.

ஓரின் அதிகம் பேசாதவர் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. மார்ச் மாதம் நடக்கும் ஊர்க்கூட்டத்துக்கு வெகுகாலமாக அவர்தான் தலைவர். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, பனி தள்ளும் வண்டிக்கு எவ்வளவு, பாலத்துக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்று ஊரார் கையைத் தூக்கித் தீர்மானிக்கிற நாள் அது. மரச் சுத்தியலோடு மேடையில் நிற்கிறவர், யார் பேசலாம், யார் உட்கார வேண்டும் என்று சொல்லலாம். தன் கருத்தைச் சொல்லக் கூடாது. சொல்லியே தீர வேண்டும் என்றால் சுத்தியலை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, மற்றவர்களைப் போல ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அந்த விஷயம் முடியும்வரை மறுபடி மேலே ஏறக் கூடாது. ஓரின் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

தொழிலுக்கு அவர் மாட்டு வைத்தியர். அந்த வட்டாரத்தில் இன்னும் மிஞ்சியிருக்கிற பால் பண்ணைகளில் அவர் கை நுழையாத கொட்டகை கிடையாது. மாடுகளோடு பழகிப் பழகி அவருக்குப் பேச்சு குறைந்துபோயிற்றா, பேச்சு குறைவானவர் என்பதால் மாடுகளிடம் போனாரா என்று அவருக்கே தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட்டுவிட்டு விறகடுப்புப் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எல்லாம் சரித்திரப் புத்தகங்கள். ரோமாபுரி, பிரான்சு, ஜெர்மனி, பிறகு தன் நாட்டின் உள்நாட்டுப் போருக்கு முந்தைய பத்து வருடங்கள். போரைப் பற்றிய புத்தகங்கள் அவருக்குப் பிடிக்காது. போருக்கு முன்னால் மனிதர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள், எப்போது ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினார்கள் என்பதைத்தான் அவர் தேடித் தேடிப் படித்தார்.

அவருக்கு ஒரே நண்பர்தான், ஜெரார்ட் லகாஸ். மலைச்சரிவில் எண்பது மாடுகளோடு பண்ணை நடத்துகிறவர். இருவரும் குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் ஒரு தகரக் குடிசையில் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். மொத்தமாக நாலு வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். திரும்பி வரும்போது ஜெரார்ட், "இன்னைக்கு நீ ரொம்பப் பேசிட்ட, எனக்குக் காது வலிக்குது" என்பார்.

போன தேர்தலின்போது ஜெரார்ட் தன் வீட்டு முன்னால் ஒரு பலகை நட்டார். இப்போதைய அதிபரின் பெயர் எழுதிய பலகை. ஓரின் வாரத்துக்கு இரண்டு முறை அதைக் கடந்துதான் கொட்டகைக்குப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே ஜெரார்டுக்கு உறைத்திருக்க வேண்டும். ஒருநாள் மாட்டுத் தீவனக் கடை வாசலில் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கியபடியே அவரே ஆரம்பித்தார்.

"என்ன பாக்கற? கேக்கணும்னா கேளு."

"நான் ஒண்ணும் கேக்கல."

"பால் விலை எங்க அப்பா காலத்துல இருந்த இடத்துலயே கிடக்கு. டீசல் விலை மட்டும் என் வயசோட சேந்து ஏறுது. உன் புத்தகத்துல வர நல்லவங்கெல்லாம் இத்தனை வருஷம் ஆட்சியில இருந்து எனக்கு என்ன பண்ணிக் கிழிச்சாங்க, சொல்லு."

ஓரினிடம் பதில் இருந்தது, நீளமான பதில். அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று பயந்து, மூட்டையின் மறுமுனையைப் பிடித்து வண்டியில் ஏற்ற உதவிவிட்டு வந்துவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பேரும் ஏரிக்குப் போகவில்லை. ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவருக்கு வேலை நெருக்கடி. இரண்டும் பொய்யில்லை, இரண்டும் காரணமுமில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் முன்னெப்போதையும்விட அதிகமாகப் படித்தார். தொலைக்காட்சியில் முகமூடி போட்ட அரசாங்க ஆட்கள் காய்கறிக் கடை வாசலில் அனுமதியில்லாமல் குடியேறியவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றுவதைக் காட்டினார்கள். மேவிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் புத்தகத்தைத் திறப்பார். எந்த நாட்டை, எந்த நூற்றாண்டைத் திறந்தாலும் ஒரே ஆள்தான் வந்து நின்றான். நல்லவன், அண்டை வீட்டுக்காரன், ஜன்னல் வழியாகப் பார்த்தவன், பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடியவன். அவனுக்குப் பெயர் இருக்காது. "பெரும்பாலோர் மௌனமாக இருந்தனர்" என்று ஒரு வரியில் புத்தகம் அவனைக் கடந்துபோய்விடும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் ஓரினுக்கு யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. வாழ்நாள் முழுதும் பேசாமல் இருந்ததை அவர் ஒரு குணம் என்று நினைத்து வந்தார். அது ஒரு குற்றமாகவும் இருக்கலாம் என்று இந்த வயதில் சந்தேகம் தட்டியது.

ஜெரார்டின் கொட்டகையில் பால் கறப்பவர்கள் இரண்டு பேர். அமாதோ, அவன் மைத்துனன் சில்வேரியோ. மெக்சிகோவின் தென்கோடியிலிருந்து வந்தவர்கள், இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதிக் காகிதம் இல்லாதவர்கள். பால் அறைக்கு மேலே இருந்த சின்ன அறையில் தங்கியிருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் யாரும் அதிகாலை மூன்றரை மணிக்கு மாட்டு மடியைத் துடைக்க வருவதில்லை. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். கடைக்காரர் அவர்களுக்கு வேண்டிய மிளகாயை வரவழைத்து வைப்பார். ஜெரார்ட் வந்து வாங்கும்போது, "இப்பல்லாம் ரொம்பக் காரமாச் சாப்பிடற போல" என்பதோடு சரி.

இரண்டு வருடத்துக்கு முன் கதவிடுக்கில் சிக்கி அமாதோவின் கட்டைவிரல் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஓரின் கன்றுக்குத் தைக்கிற நூலால் தைத்தார். ஜெரார்ட் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமாதோ வலியில் பல்லைக் கடித்தபடி, "டாக்டர், இனிமே நான் மாடா?" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் மிரியம் ஆஸ்குட் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார். பாஸ்டனில் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்து குடியேறியவர். ஆள் பிடிக்க வருகிற அரசாங்க ஆட்களுக்குக் கோர்லி ஊரின் எந்த அதிகாரியும் உதவக் கூடாது, எந்தத் தகவலும் கொடுக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் தீர்மானம் போட வேண்டும் என்பது அவர் மனு. வேண்டிய கையெழுத்து சேர்ந்தது. கூட்டத்தின் விஷயப் பட்டியலில் கடைசியாக அது ஏறியது.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஜெரார்ட் ஓரின் வீட்டுச் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் நின்றார். மேவிஸ் காபி ஊற்றினார். அவர் உட்காரவில்லை.

"அந்தக் கடைசி விஷயம். அதை எப்படியாவது ஓரமாத் தள்ளிட முடியாதா?"

"முறைப்படி வந்திருக்கு ஜெரார்ட். தள்ள எனக்கு உரிமை இல்ல."

"உனக்குத் தெரியாத வழியா? மழை வருது, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லு. மாடு கன்னு போடுதுன்னு நீ எழுந்து ஓடு."

"எதுக்குத் தள்ளணும்கிற?"

ஜெரார்ட் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "காகிதத்துல வேண்டாம்னு சொல்றேன். அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. காபி ஆறியது. ஜெரார்ட் போன பிறகு ஓரின் நினைத்தார்: பாவம், தான் நட்ட பலகைக்கு எதிராக ஊரே கை தூக்குவதைப் பார்க்க அவருக்கு வெட்கம். அப்படித்தான் நினைத்தார். எத்தனையோ மாடுகளின் வலியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர், எதிரில் நின்ற மனிதரின் பயத்தை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று வெளியே பனி உருகிச் சேறாகியிருந்தது. மண்டப வாசலில் வரிசையாக ரப்பர் பூட்ஸுகள். முதல் விஷயம் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. போட்டியில்லாமல் ஓரின் பெயர் வந்து, போட்டியில்லாமல் நிறைவேறியது. டெக்ஸ்டர் பீல், சாலைக் கணக்கில் வழக்கம்போலக் கேள்வி கேட்டார். வயதில் மூத்தவர், ஊர்க்கூட்டத்தைத் திருவிழாவாக நினைப்பவர்.

"தலைவரே, என் வீட்டு முன்னால இருக்கற குழியில போன வாரம் ஒரு வாத்து குடும்பம் குடியேறியிருக்கு. அதுங்களுக்கும் வரி போடுவீங்களா?"

"வாத்துங்க வந்து கேக்கட்டும், பதில் சொல்றோம்" என்றார் சாலைப் பொறுப்பாளர்.

மதியம் பன்றித் தொடைக்கறியும் வேகவைத்த பீன்ஸும் ரொட்டியும் மேப்பிள் பாகு ஊற்றிய பணியாரமும். சாப்பிட்டுத் திரும்பியபோது கூட்டம் குறையவில்லை. வழக்கமாகப் பாதிப் பேர் போய்விடுவார்கள். மண்டபத்தின் பின்பக்கம் உள்ளூர்த் தொலைக்காட்சியின் கேமரா முக்காலியில் நின்றது. அது வருடா வருடம் நிற்கிற கேமரா. உடம்பு முடியாமல் வீட்டிலிருக்கும் கிழடுகள் தவிர அதை யாரும் பார்ப்பதில்லை என்பது எல்லாருடைய எண்ணம்.

மிரியம் ஆஸ்குட் நன்றாகத்தான் பேசினார். குரலை உயர்த்தாமல், சட்டத்தை விளக்கி, கடைசியில், "நாம எங்க நிக்கிறோம்னு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும். எழுதி வைக்கலன்னா நாம நிக்கவே இல்லன்னு ஆயிடும்" என்றார். சிலர் கைதட்டினார்கள். ஓரின் சுத்தியலை மெல்லத் தட்டி நிறுத்தினார்.

ஜெரார்ட் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். காலையில் கறந்த கையோடு வந்தவர் என்பது சட்டையில் தெரிந்தது.

"தலைவரே, இந்த விஷயத்தைத் தாண்டிப் போகணும்னு முன்மொழியறேன்."

எடுத்துக்கொள்ளாமல், ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல், அப்படி ஒன்று வரவே இல்லை என்பதுபோல விட்டுவிடுவது. ஊர்க்கூட்டத்தில் அதற்கும் இடமுண்டு. பின்வரிசையிலிருந்து யாரோ வழிமொழிந்தார்கள்.

"காரணம் சொல்றீங்களா?" என்றார் மிரியம்.

"காரணம் என்ன? அம்மா, நீங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. இங்க சில விஷயத்தை நாங்க பேசறதில்ல. பேசாததால ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்குப் பேப்பர்ல வரும், கோர்லி இப்படித் தீர்மானம் போட்டுதுன்னு. அப்புறம் யாருக்காவது தோணும், அந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்குன்னு."

"அதாவது பயந்து ஒளியணும்கிறீங்க."

"நான் அப்படிச் சொல்லல. தாண்டிப் போகலாம்னு சொல்றேன்."

யாரோ, "அந்த ஆளுக்கு ஓட்டு போட்டவர் வேற எப்படிப் பேசுவார்?" என்று முணுமுணுத்தது முன்வரிசைவரை கேட்டது. ஜெரார்டின் கழுத்து சிவந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் ஓரின் செய்ய வேண்டியது ஒன்றுதான். வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு வாக்கெடுப்புக்கு விட வேண்டும். அவர் வாயைத் திறந்தார். அந்தக் கேள்வி வரவில்லை. குளிர்காலம் முழுக்கப் படித்த பக்கங்கள் வந்தன.

"ஜெரார்ட்" என்றார். கூட்டத்தில் தலைவர் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "தாண்டிப் போறதுன்னா எங்க போறது? வாஷிங்டன்ல ஒரு சட்டம் போட்டான், தப்பிச்சு ஓடி வர அடிமையைப் பிடிச்சுக் குடுக்கணும்னு. நம்ம கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முன்னாடி. இதே ஊர், இதே மார்ச் மாசம். குடுக்க மாட்டோம்னு அன்னைக்கு இங்க தீர்மானம் போட்டாங்க. அப்பவும் ஒருத்தர் எழுந்து, நமக்கெதுக்கு வம்பு, தாண்டிப் போவோம்னு சொல்லியிருப்பார். அவர் பேர் இன்னைக்கு யாருக்குத் தெரியும்? எந்த நாட்டுல எடுத்துப் பாரு, கெட்டவனால மட்டும் எதுவும் நடக்கல. நல்லவன் தாண்டிப் போனதால நடந்தது."

அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. தன் குரல் நடுங்குவதை ஓரினும் உணர்ந்தார். ஆனால் அது ஒரு இனிமையான நடுக்கமாக இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

"நீ சொல்லலாமா இதை? உன் மாட்டை யாரு கறக்கறா? பால் அறைக்கு மேல படுத்துத் தூங்கற ரெண்டு பேரு யாரு? அமாதோ விரலை நான் தைச்சப்ப விளக்கைப் பிடிச்சது உன் கைதானே. அந்தக் கையால இதைத் தடுக்கற. எனக்குப் புரியல ஜெரார்ட்."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. மேவிஸ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெரார்ட் ஒலிவாங்கியை விட்டு நகரவில்லை. கோபமில்லாமல் பேசினார்.

"தலைவரே, ஒரு ஆட்சேபம். சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டு நீங்க பேசலாமா?"

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் ஓரினை 'நீங்க' என்று சொன்னதில்லை.

ஓரின் குனிந்து பார்த்தார். சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது. இறங்குவதற்குக்கூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"ஆட்சேபம் சரி" என்றார். விதி அதுதான். சுத்தியலை நீட்டினார். முன்வரிசையில் இருந்த டெக்ஸ்டர் பீல் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அந்தச் சுத்தியலைப் பற்றிக் கேலி பேசியவர், அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாண்டிப் போகும் முன்மொழிவு தோற்றது. தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். மிரியம் ஆஸ்குட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே ஓரமாக நின்றிருந்த ஓரின் எதற்கும் கை தூக்கவில்லை. பலர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். ஜெரார்ட் எப்போது போனார் என்று அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மேவிஸ் வண்டி ஓட்டினார். வண்டி பாலம் தாண்டியது.

"நல்ல பேச்சு" என்றார் மேவிஸ். "எல்லாரும் தட்டினாங்க."

"நீ தட்டலயே."

"கேமரா ஓடிக்கிட்டிருந்தது ஓரின்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரே சமயத்தில் எல்லாம் விளங்கியது. ஜெரார்ட் சமையலறையில் தொப்பியோடு நின்றது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தது, காகிதத்துல வேண்டாம் என்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரப் பனியில் சற்று நேரம் நின்றார். மேவிஸ் இறங்கி வரவில்லை. கண்ணாடியைத் துடைக்கும் தகட்டை மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அன்று இரவு புத்தகத்தைத் திறக்கவில்லை. திறக்காமலே ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த அடிமைச் சட்டக் காலத்தைப் பற்றி எழுதிய எல்லாருமே ஒரு குறை சொல்லியிருந்தார்கள். தப்பி வந்தவர்களை உண்மையில் ஒளித்து வைத்தவர்களைப் பற்றிச் சான்று கிடைப்பதில்லை என்று. தீர்மானங்கள் இருக்கின்றன, மேடைப் பேச்சுகள் அச்சாகி இருக்கின்றன. எந்த வீட்டில் எந்தப் பரணில் யார் படுத்திருந்தார் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. அதைப் படித்தபோது அவரும் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து வருத்தப்பட்டார். பேசாதவர்கள் இரண்டு வகை என்பதும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஜன்னல் திரையை இழுத்து மூடுவார்கள் என்பதும் புத்தகத்தில் எங்கோ இருந்திருக்கும். அவர் அந்தப் பக்கத்தைத் தனக்கென்று படிக்கவில்லை.

கேமராவில் பதிந்த பேச்சை மறுநாளே யாரோ வெட்டி எடுத்து இணையத்தில் போட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் போட்டார்கள். "சின்ன ஊரின் மனசாட்சி" என்று தலைப்பு வைத்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பாராட்டி எழுதினார்கள். வேறு ஆட்கள் வேறு மாதிரி எழுதினார்கள். ஒருவன் பண்ணைக்குப் போகும் வழியை வரைபடத்தில் குறித்துப் போட்டிருந்தான். எடுத்துவிடச் சொல்லி ஓரின் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்தார். அவர்கள் எடுத்தார்கள். அதற்குள் அது அவர்கள் கையில் இல்லை.

வியாழக்கிழமை டெக்ஸ்டர் பீல் போனில் கூப்பிட்டார்.

"டாக்டர், லகாஸ் பண்ணை முக்குல ஒரு சாம்பல் கார் நிக்குது. நேத்தும் நின்னது. மீன் பிடிக்க வந்தவங்கன்னா தூண்டில் இருக்கணும்ல?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்றது? போய் கண்ணாடியைத் தட்டி, வாத்து வளக்கறீங்களான்னு கேட்டேன். இறக்கவே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் வருவதற்குச் சற்று முன் ஓரின் பண்ணைக்குப் போனார். முக்கில் அப்போது கார் இல்லை. கொட்டகைக்குள் கறவை நடந்துகொண்டிருந்தது. எந்திரத்தின் இரைச்சலில் அவர் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. ஜெரார்ட் அவரைப் பார்த்ததும் சுவரிலிருந்த விசையை இழுத்து எந்திரத்தை நிறுத்தினார். திடீரென்று மாடுகள் அசைபோடும் சத்தம் கேட்டது. கதவுப் பக்கம் அமாதோவும் சில்வேரியோவும் நின்றார்கள். குப்பைக்குப் போடும் கறுப்புப் பைகளில் துணிமணியைக் கட்டி வைத்திருந்தார்கள். ஜெரார்டின் வண்டி வெளியே புகை கக்கிக்கொண்டு நின்றது.

"ஜெரார்ட், நான்..."

"தெரியும். விடு."

"எனக்குத் தோணவே இல்ல. நான் நினைச்சது வேற."

"நீ நினைச்சது என்னன்னும் தெரியும். பலகையைப் பாத்த, என்னைப் பாக்கல." சொல்லிவிட்டு ஒரு மாட்டின் மடியைத் துடைக்கக் குனிந்தார். துடைத்து முடித்து நிமிர்ந்தார். "நான் ஓட்டு போட்ட ஆளு இதை இங்க வரைக்கும் கொண்டு வருவான்னு நானும் நினைக்கல. போதுமா?"

ஓரின் தலையை அசைத்தார். அதைக் கேட்க அவர் வரவில்லை. குளிர்காலம் முழுக்க அதைக் கேட்கத்தான் காத்திருந்தார் என்பது கேட்ட பிறகே தெரிந்தது. கேட்டு ஒரு பயனும் இல்லை என்பதும் தெரிந்தது.

"என் வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார். "மாட்டு டாக்டர் வண்டியை எந்நேரமும் எல்லா ரோட்டுலயும் பாக்கறாங்க. யாரும் நிறுத்த மாட்டாங்க. உன் வண்டியை இப்ப எல்லாருக்கும் தெரியும்."

ஜெரார்ட் யோசித்தார். "நல்ல யோசனைதான்."

"அப்ப வா, பையை ஏத்தலாம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"நீ ஓட்டினா எங்க இறங்கினாங்கன்னு உனக்குத் தெரிஞ்சுடும்."

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்?"

ஜெரார்ட் அவரைப் பார்த்தார்.

சில்வேரியோ பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அமாதோ தயங்கி நின்றான். கோபம் இருக்கும் என்று ஓரின் அவன் முகத்தில் தேடினார். தூக்கமில்லாத முகமாக மட்டும்தான் இருந்தது.

"டாக்டர், அந்தக் கறுப்புக் கிடேரி, மூலையில நிக்குதே. இடது பக்கம் உதைக்கும். முதல்ல கழுத்துல கை வைக்கணும். அப்புறம் சரியாயிடும்."

"சரி."

"இன்னும் ரெண்டு வாரத்துல ஏழு கன்னு வரும். ஜெரார்ட் தனியா முடியாது."

"நான் வரேன்."

அமாதோ தலையை ஆட்டினான். ஏதோ சொல்ல வந்தான். அவர்களுக்கிடையே இருந்த இங்கிலீஷ் எல்லாம் மாட்டுக் கொட்டகை இங்கிலீஷ். பால், புல், வலி, உதை, இன்று, நாளை. சொல்ல வந்ததற்கு அதில் வார்த்தை இல்லை போலிருந்தது. ஓரினின் தோளைத் தட்டிவிட்டுப் போனான், வலிக்கிற மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல.

ஜெரார்ட் கையுறையை மாட்டியபடி வாசலில் நின்றார். "பாதி மாடு பாக்கி. கறக்கத் தெரியும்ல?"

"தெரியும்."

"சாயங்காலம்தான் வருவேன். வராட்டியும் கறந்துடு. மாட்டுக்கு என்ன தெரியும்."

கதவு மூடியது. வண்டியின் சத்தம் சேற்றுப் பாதையில் மெல்ல இறங்கியது. காற்றில்லாத குளிர்காலையில் அந்தப் பள்ளத்தாக்கில் எந்தச் சத்தமும் வெகுதூரம் கேட்கும். பாதையின் முடிவில் பெரிய சாலை. இடதுபக்கம் திரும்பினால் ஏற்றம், ஏரியைச் சுற்றிக்கொண்டு நியூயார்க் மாநிலத்துக்குப் போகலாம். வலதுபக்கம் இறக்கம், ஆற்றோடு தெற்கே. ஏற்றத்தில் அந்தப் பழைய வண்டி எப்படி இரையும், இறக்கத்தில் எப்படி இரையும் என்று ஓரினுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

வண்டி சாலை முனையில் நின்றது. நின்று, கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

ஓரின் இரண்டே எட்டில் சுவரருகே போய் விசையைத் தூக்கினார். எந்திரத்தின் இரைச்சல் கொட்டகையை நிறைத்தது. அதற்குள்ளேயே சற்று நேரம் நின்றுவிட்டு, மூலையில் இருந்த கறுப்புக் கிடேரியிடம் போய் அதன் கழுத்தில் கையை வைத்தார்.